அறிவியல் நகரில் லேசர் கற்றையை நிலைநிறுத்திய அனுபவம்

ஹீலியம்–நியோன் லேசரின் 632.8 நானோமீற்றர் சிவப்புக் கற்றையை அசையாமல் ஒரே திசையில் நிறுத்துவதே கிளிநொச்சி, அறிவியல் நகரில் நான் எடுத்துக்கொண்ட வேலை. ஒரு மைக்ரோ ஆரையன் விலகல் 10 மீற்றருக்கு அப்பால் 10 மைக்ரோமீற்றர் ஆகிவிடும். ஏ9 வீதியில் பாரமேற்றிய லொறி போகும்போது மேசையில் கை வைத்தாலும் எதுவும் தெரியாது. உணரியின் வரைபிலோ அது துலக்கமாகத் தெரியும்.

கோண விலகலை மட்டும் பிரித்தறிய, ஒளிப்புள்ளி எப்பக்கம் நகர்கிறது என்பதை நான்கு பகுதிகளால் காட்டும் நாற்கூற்று ஒளியுணரியை 500 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையின் குவியத்தளத்தில் வைத்தேன். உணரி காட்டும் விலகலுக்கேற்ப, கற்றையைத் திருப்பும் ஆடியைச் சரிசெய்யும் வழமையான பின்னூட்டல், வெப்பத்தால் வரும் மெதுவான நகர்வை நன்றாகவே அடக்கியது. ஆனால் அதன் நயத்தை, அதாவது திருத்தத்தின் வலிமையைக் கூட்டக் கூட்ட, ஒரு மீடிறன் வீச்சில் அடங்கிய அசைவு இன்னொரு வீச்சில் தலைதூக்கியது. இது பின்னூட்டலுக்கே உரிய எல்லை. ஆகவே மேசையில் அதிர்வை உணரும் முடுக்கமானி ஒன்றைப் பொருத்தி, அதன் சைகையை, எஞ்சும் விலகலைப் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் தகவமைப்பு வடிகட்டி வழியாக ஆடிக்கு அனுப்பினேன். வடிகட்டியின் குணகங்களை, அதாவது அது சைகையைப் பெருக்கும் எண்களைப் படிப்படியாகத் திருத்துவது, பொறியியலாளர்களான விட்ரோவும் ஹொஃபும் 1960இல் முன்வைத்த முறை.

மிகுந்த பொறுமையைக் கேட்டது ஆடியின் நடத்தையை அளக்கும் கட்டம். கட்டளை கிடைத்த கணத்திலேயே ஆடி திரும்பிவிடுவதில்லை. மின்னழுத்தத்தால் விரிந்து சுருங்கி ஆடியைத் திருப்பும் பீசோ இயக்கியும் பெருக்கியும் தாமதத்தைச் சேர்க்கின்றன. கட்டளையிலிருந்து உணரி வரையான அந்தப் பாதைக்கு வடிகட்டி பயன்படுத்தும் மாதிரியுருவில் அவத்தைப் பிழை (அலை முன்பின்னாக நகர்வதில் வரும் பிழை) 90 பாகையைத் தாண்டினால், திருத்தம் எதிர்த்திசையில் போய்க் கற்றை உணரியை விட்டே விலகிவிடும். அதனால் எழுமாற்றுச் சைகையை ஆடிக்கு ஊட்டி, உணரியின் துலங்கலைப் பதிந்தேன். பின்னூட்டலும் அப்பாதையின் ஒரு பகுதியாகிவிடுவதால், அதை இயக்கியபடியேதான் அளக்க வேண்டும். குணகங்களைத் திருத்தும் படியளவைச் சைகையின் வலுவால் வகுத்துக்கொண்டதால், லொறி போகும் கணங்களிலும் குணகங்கள் குலையவில்லை.

மின்விசிறியின் அதிர்வு மேசை வழியாக வந்ததால் வடிகட்டி அதைக் கற்றுக்கொண்டது. விசிறி கலைக்கும் காற்றையோ முடுக்கமானி உணராது; வன்னி வெயிலில் விசிறியை நிறுத்தச் சொல்வதும் நியாயமில்லை. கற்றையின் பாதை முழுவதையும் எஸ்லோன் (பீவீசி) குழாயால் மூடினேன்.

இவ்வேலையைத் தொடங்குவோர், வடிகட்டியின் நீளத்தைக் கூட்டுமுன் முடுக்கமானிச் சைகைக்கும் கற்றையின் விலகலுக்கும் உள்ள தொடர்பை மீடிறன் வாரியாக வரைந்து பார்க்க வேண்டும். தொடர்பில்லாத வீச்சில் வடிகட்டியால் எதையும் கழிக்க முடியாது. எனது மேசையில், முடுக்கமானியை லேசரின் தாங்கிக்கு அருகே மாற்றிய பின்னரே அத்தொடர்பு போதிய அளவுக்கு உயர்ந்தது.