கன்சோலில் பச்சை, கணினியில் பழைய பாலிசி

எல்லாக் கணினிகளின் ஆன்டிவைரஸையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஈபிஓ கன்சோலில் பச்சை டிக் விழுந்துவிட்டது என்பதற்காக யூனிட்டுக்கு போன் போட்டு "இப்ப சரியாயிருக்கும், பாருங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். "சுத்தீட்டேதானுங்க சார் இருக்குது" என்றார் பில்லிங்கில் இருக்கும் அக்கா. அடுத்தடுத்த போன்களிலும் அதே பதில்தான், குரல் மட்டும் கொஞ்சம் ஏறியது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். ஆன்டிவைரஸ் முழுக்க மெயின் ஆபீஸில் இருக்கும் ஈபிஓ சர்வர் வழியாகத்தான். மெக்கஃபீயாக இருந்தது, 2022-ல் ட்ரெல்லிக்ஸ் ஆகிவிட்டது. ஒவ்வொரு கணினியிலும் இருந்து சர்வரோடு பேசும் சின்ன புரோகிராம்தான் ஏஜென்ட்; அதன் ஃபோல்டரின் பெயர் மட்டும் இன்னும் மெக்கஃபீதான். செய்ய வேண்டிய வேலை சின்னது. பில்லிங் ஓடும் ஈஆர்பி மென்பொருள் ஸ்கேனால் சுற்றிக்கொண்டே இருந்தது; அதன் ஃபோல்டரை, ஃபைலைத் திறக்கும்போதே சோதிக்கும் ஆன்-ஆக்சஸ் ஸ்கேனிலிருந்து விலக்க வேண்டும், அவ்வளவே. (ஈஆர்பி காரர் சி டிரைவ் முழுவதையும் விலக்கச் சொன்னார். அதற்கு ஆன்டிவைரஸ் வாங்காமலே இருந்திருக்கலாம். ஒரு ஃபோல்டர் மட்டும்தான் கொடுத்தேன்.) பாலிசியை, அதாவது கன்சோலிலிருந்து கணினிகளுக்குப் போகும் செட்டிங்குகளை, மாற்றி சேவ் செய்ததும் மெயின் ஆபீஸில் எல்லாக் கணினிகளும் வாங்கிக்கொண்டன. வெளி யூனிட்டில்தான் சில கணினிகள் வாங்கின, சில அசையவே இல்லை.

முதலில் வேக்-அப் கால் அனுப்பினேன். யூனிட் கணினிகள் பலவற்றுக்குப் போகவில்லை. 8081 போர்ட் அடைத்திருந்தது. இந்த இடத்தில்தான் பலரும் ஃபயர்வாலோடு மல்லுக்கட்டப் போய்விடுகிறார்கள். வேக்-அப் என்பது சர்வர் போய்க் கதவைத் தட்டுவது. தட்டாவிட்டாலும் ஏஜென்ட் தானாகவே சர்வரிடம் வந்து கேட்கும். மாற்றாமல் விட்டிருந்தால் 60 நிமிடத்துக்கு ஒருமுறை. கன்சோலில் 'லாஸ்ட் கம்யூனிகேஷன்' நேரம் நகர்ந்துகொண்டிருக்கிறதென்றால் 8081 உங்கள் பிரச்சினை இல்லை. எங்களுக்கு நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

லைசென்ஸ் விற்ற ஏஜென்சியின் சப்போர்ட்டைக் கூப்பிட்டேன். கன்சோலில் என்ன தெரிகிறது, லாக் என்ன சொல்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. "சார், என்ட்பாயின்ட் செக்யூரிட்டியைக் கழட்டிட்டு மறுபடி போட்டுப் பாருங்க." அது ஸ்கேன் செய்யும் புரோகிராம். யூனிட்டுக்குப் போய் ஒரு கணினியில் கழற்றி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி போட்டேன். அந்த அக்காவின் பில்லிங் மதியம் வரை நின்றதுதான் மிச்சம். பாலிசியைச் சுமந்து வருவது ஏஜென்ட். ஸ்கேனரைக் கழற்றிப் போட்டால் எப்படி வரும்? டிக்கெட்டில் மட்டும் "ரிசால்வ்டு" என்று போட்டுவிட்டார்கள்.

பிறகு ஏஜென்ட் பக்கம் திரும்பினேன். ரன்னில் போய் ஏஜென்ட் ஃபோல்டரில் உள்ள சிஎம்டிஏஜென்ட்டை ஸ்லாஷ் எஸ் கொடுத்து ஓட்டினால் ஸ்டேட்டஸ் மானிட்டர் திறக்கும். அதில் 'செக் நியூ பாலிசீஸ்', அடுத்து 'என்ஃபோர்ஸ் பாலிசீஸ்'. ஒரு கணினியில் பாலிசி ஒழுங்காகவே வந்து இறங்கியது, ஆனால் பழையது. கன்சோலில் அந்தக் கணினியின் அசைன்டு பாலிசியைப் பார்த்தால், எனக்கு முன் இருந்தவர் டெஸ்ட்டுக்காக ஒரு பாலிசியை அதற்கு மட்டும் தனியாகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். குரூப்பில் என்ன மாற்றினாலும் அதற்கு எட்டாது. 'புரோக்கன் இன்ஹெரிட்டன்ஸ்' (குரூப்பிலிருந்து வருவது அறுந்தது) என்ற நெடுவரிசையில் இது பளிச்சென்று தெரியும். ரீசெட் செய்தால் முடிந்தது. இதை எல்லாவற்றுக்கும் முன்னாலேயே பாருங்கள், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

மற்றவை அதற்கும் மசியவில்லை. கன்சோலில் கணினிகளைக் குரூப் குரூப்பாகக் காட்டும் சிஸ்டம் ட்ரீயில் யூனிட் குரூப்பைத் திறந்து வைத்திருந்தேன். பட்டியல் எண்ணிக்கை அங்கே இருக்கும் கணினிகளைவிடக் குறைவாக இருந்தது. ரிஃப்ரெஷ் செய்தபோது, பேக்கிங் செக்‌ஷன் கணினியின் பெயர் இருந்த அதே வரியில் கோடவுன் கணினியின் பெயர் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பேக்கிங். அங்கேதான் பிடிபட்டது. யூனிட்டில் அந்த இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்டில் சிஎம்டிஏஜென்ட்டை மைனஸ் ஐ கொடுத்து ஓட்டினேன். ஜியூஐடி, அதாவது ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண், இருக்கும் வரியை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். அச்சு அசல் ஒன்றே. கீழே 'லாஸ்ட் பாலிசி அப்டேட் டைம்' மட்டும் வேறு வேறு. சர்வரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஆள். ஒருவருக்குக் கொடுத்தால் இருவருக்கும் கொடுத்த கணக்கு.

காரணம், கணினிகளை சப்ளை செய்த வெண்டர். ஒன்றில் விண்டோஸும் ஏஜென்ட்டும் போட்டு, அதையே இமேஜ் (முழு நகல்) எடுத்து மற்றவற்றில் இறக்கியிருக்கிறார். "எல்லாருக்கும் இப்படித்தானே சார் பண்றோம்" என்றார், சலிக்காமல்.

ஒவ்வொரு கணினியாக உட்கார வேண்டியதில்லை என்பது கடைசியில் கிடைத்த நிம்மதி. ஈபிஓவின் சர்வர் டாஸ்க் பட்டியலில் 'டூப்ளிகேட் ஏஜென்ட் ஜியூஐடி' என்று தொடங்கும் டாஸ்க்குகள் தயாராகவே இருக்கின்றன. ஆனால் டிசேபிள் செய்து வைத்திருப்பார்கள். சீக்வென்ஸ் எரர் (ஒரே ஜியூஐடியில் இருவர் பேசுவதால் வரும் வரிசைப் பிழை) அதிகம் உள்ளவற்றை ட்ரீயிலிருந்து நீக்கும் டாஸ்க்கை ஓட்டினால், அந்தக் கணினிகள் அடுத்த முறை பேச வரும்போது புது ஜியூஐடியோடு வரும்.

வந்தன. ஆனால் யூனிட் குரூப்புக்கு வரவில்லை, எந்தக் குரூப் என்று தெரியாதவை சேரும் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்'டில் போய் விழுந்தன. அங்கே எங்கள் பாலிசி இல்லை, ஆரம்பத்தில் இருந்த டீஃபால்ட்தான். மறுபடி அக்காவின் போன். ஆகவே டாஸ்க்கை ஓட்டுவதற்கு முன்பே யூனிட்டின் ஐபி ரேஞ்சை வைத்து, கணினிகளைத் தானாகவே குரூப்பில் சேர்க்கும் சார்ட்டிங் போட்டுவிடுங்கள். ஐபி ரேஞ்சைப் போட்டு 'சார்ட் நவ்' அழுத்தியதும் எல்லாம் அவரவர் குரூப்புக்குப் போயின. அன்று சாயங்காலம் நான் கூப்பிடவில்லை, அக்காவே கூப்பிட்டார்: "இப்ப டக்குனு வருதுங்க சார்."

அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் இதற்கென்றே ஒரு வரி சேர்த்துவிட்டேன்: இமேஜ் எடுக்கும் முன் ஏஜென்ட்டின் ஜியூஐடியை நீக்கியிருக்க வேண்டும். ஏஜென்ட்டோடு வரும் மாகான்ஃபிக் கட்டளையை மைனஸ் என்ஃபோர்ஸ், மைனஸ் நோகைடு கொடுத்து ஓட்டினால் போதும். ஆனால் ஓட்டிய கையோடு ஷட்டவுன் செய்துவிட்டு இமேஜ் எடுக்கச் சொல்லுங்கள். "ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துக்கலாம்" என்று அந்தக் கணினியை மறுபடி எழுப்பினால், ஏஜென்ட் சர்வீஸ் உடனே புது ஜியூஐடி ஒன்றைப் போட்டுக்கொள்ளும், அதுவும் சேர்ந்தே எல்லாக் கணினிகளுக்கும் இறங்கிவிடும்.