வரத்துக்காலில் ஞாயிற்றுக்கிழமைகள்

காரைக்குடியில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வாரத்தில் ஆறு நாள் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை இன்னொரு வேலை, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஊருணியில். நான்கு வருடமாகப் போகிறேன். சம்பளம் கிடையாது, ஆனாலும் அதை வேலை என்றுதான் சொல்வேன். நேரத்துக்குப் போக வேண்டும், மண்வெட்டியைக் கழுவி வைக்க வேண்டும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

கேட்காமல் செய்ததில்தான் முதல் வருடம் போனது.

ஊருணிக் கரை முழுக்க அப்போது சீமைக் கருவேலம். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து இரண்டு மாதம் வெட்டினோம். கை, முதுகு எல்லாம் முள். வெட்டி முடித்த அன்று படித்துறையில் உட்கார்ந்து டீ குடித்தபோது கரை வெளிச்சமாக இருந்தது. மூன்று மாதத்தில் வெட்டிய கட்டை ஒவ்வொன்றிலும் புதுத் தளிர். ஒரே கட்டையில் ஏழு கிளை எண்ணினேன். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோதும் எங்கள் பக்கம் ஊரெங்கும் இந்த மரத்தை வெட்டினார்கள். வேரை விட்ட இடங்களில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்திருந்தும் நாங்கள் அதையே செய்திருக்கிறோம்.

கரையில் ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவர் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார். ஒருநாள் நின்றார். "மேல மேல வெட்டுனா என்ன தம்பி ஆகும்? அடியில தோண்டி வேர்க்கட்டையை எடுங்க" என்றார்.

தோண்டினோம். எங்கள் மண் மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே செம்புரான் கல். கடப்பாரையை இறக்கினால் கணீரென்று சத்தம் வரும், பொடி பறக்கும், பள்ளம் மட்டும் ஆகாது. தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, மறுநாள் தோண்ட வேண்டும். தண்டும் வேரும் சேரும் இடத்தில் முண்டும் முடிச்சுமாக ஒரு பகுதி இருக்கிறது. தளிர் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதற்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டால் திரும்ப வருவதில்லை. ஒரு மரத்துக்கு மூன்று பேருக்கு ஒரு காலை முழுதும் ஆகும். அப்பத்தாவின் ஆடுகள் கருவ நெத்தைத் தின்று புழுக்கையோடு விதையையும் போட்டுக்கொண்டே போகும் என்பது வேறு விஷயம். அந்தச் சின்னக் கன்றுகளை மழை பெய்த மறுநாள் கையாலேயே பிடுங்கிவிடலாம். இப்போது அந்த வேலையைத் தெருப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

வடக்குக் கரையில் மட்டும் ஒரு புதரை வெட்டாமல் விட்டிருக்கிறோம். மடையான் கொக்குகள் அங்கேதான் அடைகின்றன. பக்கத்தில் வைத்திருக்கும் மருதமும் நாவலும் வளர்ந்து அவற்றுக்கு இடம் கொடுக்கும் வரை அது இருக்கட்டும். இதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அவர்களால் பண்டிகைச் சத்தத்தையே விட முடிகிறதென்றால் எங்களால் ஒரு புதரை விட முடியாதா என்று கேட்டேன். இன்றும் அதே எண்ணம்தான்.

இரண்டாம் வருடம் ஒரு அமைப்பு வந்து சித்திரை வெயிலில் ஐம்பது கன்று நட்டது. நானும் கூட நின்று குழி எடுத்தேன். படம் எடுத்தார்கள், போனார்கள். ஆடியில் நான்கு கன்றுதான் மிச்சம். கூண்டுகள் மட்டும் வரிசையாக நின்றன. அந்தக் காய்ந்த குச்சிகளைப் பிடுங்கும்போது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது ஐப்பசியில் இரண்டு நல்ல மழை மண்ணில் இறங்கிய பிறகுதான் நடுகிறோம். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு, அவ்வளவுதான். வேம்பு, புங்கன், நாவல், கரையோரம் மருதம். இரண்டு கோடைக்கு யார் எந்தக் கன்றுக்குக் குடம் தூக்குவது என்று நடுவதற்கு முன்பே பேசி வைத்துவிடுவோம்.

ஆனால் இந்த வேலையை எனக்கு உண்மையில் புரிய வைத்தது அப்பத்தாவின் இன்னொரு கேள்விதான். கரை சுத்தமாகி ஒரு மழைக்காலமும் போய்விட்டது, ஊருணியில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. "எல்லாம் சரி தம்பி, தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னு நடந்து பாத்தீகளா?" என்றார்.

பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு கருவிகளை வைத்துவிட்டு நடந்தோம். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுக் கூரைத் தண்ணீர் வளவு என்கிற நடு முற்றத்துக்குள் இறங்கும். அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருக்காலுக்குப் போய், அங்கிருந்து வரத்துக்கால் என்கிற வாய்க்கால் வழியாக ஊருணிக்குச் சேரும். வீட்டையும் தெருவையும் ஊருணியையும் ஒரே கணக்கில் வாட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்த பிறகு வீடுகளைப் பார்க்க எத்தனையோ பேர் வருகிறார்கள். தேக்குத் தூணைத் தொட்டுப் பார்ப்பவர்கள் அந்த வீட்டுக் கூரைத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நடந்தபோது வரத்துக்கால் மூன்று இடத்தில் அறுந்திருந்தது. ஒரு இடத்தில் இடித்த கட்டடத்தின் குப்பையைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் ஒரு வீட்டு வாசல்படியே வாய்க்கால்மேல் நிற்கிறது. அதற்கு மனு கொடுத்து ஒன்றரை வருடம் ஆயிற்று, பதில் இல்லை. மூன்றாவது, சிமெண்டுச் சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலம். உள்ளே சாக்கு, பால் பாக்கெட், வண்டல் எல்லாம் இறுகிப்போய் அடைத்திருந்தது. ஒருவர் படுத்துக்கொண்டு மண்வெட்டியால் இழுக்க, பின்னால் இருப்பவர் சாந்துச்சட்டியில் வாங்கிக்கொள்வார். குப்பை மேட்டையும் சேர்த்து ஆறு ஞாயிறு ஆனது. வாசல்படிக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சுற்றிக் கால் வெட்டினோம்.

அந்த வேலையில்தான் வேலியோரம் ஒரு காரைச் செடியைப் பார்த்தேன். எங்கள் ஊருக்கே அதனால் வந்த பெயர் என்பார்கள். இடுப்பு உயரம், கணுவுக்குக் கணு எதிரெதிராக இரண்டு முள், நாலைந்து மஞ்சள் பழம். கடையில் காலண்டர் முதல் ரசீது வரை தினமும் ஊர்ப் பெயரை எழுதுகிறேன், செடியை அதுவரை தொட்டதில்லை. ஒரு பழம் தின்றேன், லேசான இனிப்பு. விதைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதில் முளைத்த இரண்டு கன்று இப்போது படித்துறைக்கு மேலே நிற்கின்றன.

அந்த ஐப்பசியில் ஒரு இரவு நல்ல மழை. பதினோரு மணிக்கு நண்பர் போன் செய்தார், "வா, வா, உடனே வா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பாலத்தின் வாயிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வேப்பிலை, தீக்குச்சி, யாரோ ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு எல்லாம் மிதந்து வந்து ஊருணிக்குள் விழுந்தன. தவளைகள் அதற்குள் கத்த ஆரம்பித்திருந்தன. நாலு பேர் நனைந்துகொண்டே நின்றோம், ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் அப்பத்தா ஆடுகளோடு வந்து படித்துறையில் இறங்கி, ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பாலத்தடியில் புதிதாக இரண்டு சட்டி வண்டல் சேர்ந்திருந்தது. எடுத்துப் போட்டோம்.