தோட்டத்து வீட்டில் வைஃபை: பிளானை விட ஒயர் முக்கியம்

தோட்டத்து வீட்டுக்கு நெட் போட நினைக்கிறவர்கள் எடுத்ததும் கேட்பது "எத்தனை எம்பிபிஎஸ் பிளான் போடலாம்?" என்றுதான். அதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். நான் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, மத்தியானத்துக்கு மேல் ஐரோப்பா பையர்களோடு வீடியோ கால். அந்தக் காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் வந்தாலே தாராளம். ஆனால் அந்த மூன்று நான்கும் விட்டு விட்டு வராமல், நான் உட்காரும் அறைக்கே வந்து சேர வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

வீடு உடுமலைக்கு வடக்கே, குடிமங்கலம் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து இட்டேரியில் இறங்கி, தென்னந்தோப்பைத் தாண்டி வரவேண்டும். முன்பக்கம் பழைய வீடு: கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், ஓட்டுக் கூரை, ஆசாரம் என்கிற முன்கூடம். பின்னால் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் அறைகள், அதில் ஒன்றில்தான் என் மேஜை. செல்போன் டவர் தூரம். ஹாட்ஸ்பாட்டை நம்பி மீட்டிங்கில் உட்கார்ந்தால், பையர் முகம் பாதியில் உறைந்து நிற்கும்.

பெரிய கம்பெனி ஒன்றில் கேட்டோம். ஆள் வந்து பார்த்துவிட்டு, "இந்த லைன்ல ஃபீசிபிலிட்டி இல்லீங்க" என்று போய்விட்டார். அப்புறம் ஊருக்குள் கேபிள் டிவி நடத்துகிறவரே ஃபைபரும் தருகிறார் என்று தெரிந்து அவரிடம் போனோம். ரோட்டுக் கம்பம் வரை அவர் செலவு, அங்கிருந்து வீடு வரை நம் செலவு என்று பேச்சு. நியாயம்தான். மாத வாடகையில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள், நோட்டீஸில் போட்டிருக்கும் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும்.

ஒயரை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் இழுபறி. மரத்துக்கு மரம் கட்டி இழுத்துவிடலாம் என்பது கேபிள்காரத் தம்பியின் யோசனை. எல்லாத் தோப்பிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, சுற்றிலும் காற்றாலையை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தானே. ஆனி, ஆடியில் ராத்திரி முழுக்க மட்டை விழுந்துகொண்டே இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படி இழுத்த ஒயர் ஒவ்வொரு ஆடியிலும் அந்து போய், வந்து ஒட்டிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் அவர்கள் படுகிற பாட்டை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

நல்ல நேரம், அப்போதுதான் சொட்டுநீருக்கு மெயின் லைன் மாற்ற ஜேசிபி வைத்து நீளப் பள்ளமாகக் கோடு பறித்துக்கொண்டிருந்தார்கள். அதே கோட்டில் முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒன்றைத் தனியாகப் போட்டு, ஃபைபரை அதற்குள் விட்டுவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். பைப் இருபதடி நீளத்தில்தான் வரும் என்பதால், ஒவ்வொன்றாகப் பசை போட்டு ஒட்டும்போதே உள்ளே நைலான் கயிறையும் விட்டுக்கொண்டே போக வேண்டும். முழுக்க ஒட்டி முடித்த பிறகு கயிறு விடுவது நடக்காத காரியம். திரும்புகிற இடங்களில் எல்போ போடக் கூடாது, நீள பெண்ட்தான். ஃபைபருக்குள் கண்ணாடி இழை இருக்கிறது, கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும், இழுக்கும்போது உடையவும் உடையும். பெருச்சாளித் தொல்லைக்கும் இந்தப் பைப்புதான் காவல். அப்புறம் ஒயர் வாங்கும்போது, உள்ளே இரும்புக் கம்பி ஓடாமல் எஃப்ஆர்பி (கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்) குச்சி வைத்ததாகக் கேட்டு வாங்கினோம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது, எங்கோ இறங்கிய இடி இந்த ஒயர் வழியாக வீட்டுக்கு வர வழியில்லை. கூடவே இரும்புக் கம்பி ஓடினால் அந்த நிம்மதி போய்விடும்.

தம்பி வந்து இரண்டு முனையையும் ஒட்டினார். அவர் கையில் பவர் மீட்டர் ஒன்று வைத்திருப்பார். அதில் வரும் எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் என்று மைனஸில் வரும், மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதானால் ஒளி குறைவு. நம்மூரில் பரவலாக இருக்கிற ஜிபான் வகை ஃபைபர் லைனில் பொதுவாக மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26 என்று வந்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஒரு ஜாயின்ட்டில் தூசி படிந்தால் நின்றுவிடும், மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். எங்களுக்கு மைனஸ் 21. சுவரில் பென்சிலால் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் ஏதாவது தகராறு வந்தால் அன்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பேசலாம், "எல்லாம் சரியாத்தானுங்க இருக்கு" என்ற ஒற்றைப் பதிலில் அடங்க வேண்டியதில்லை.

மோடத்தை எங்கே வைப்பது? ஒயர் உள்ளே வருகிற இடத்திலேயே, ஆசாரத்துக் கதவுக்குப் பின்னால், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கத் தயாராக இருந்தார் தம்பி. "இங்கியே வெச்சரலாங்க அக்கா, ஒயரு மிச்சம்" என்றார். எல்லா வீட்டிலும் மோடம் மூலையில் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம், அது அவர்களுக்கு வசதி. ஆணி அடிப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மோடத்தை ஸ்டூல் மேல் வைத்து ஓடவிட்டு, போனில் வைஃபை அனலைசர் ஆப்பைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்தேன். வைஃபை சிக்னலையும் அதே கணக்கில் மைனஸில்தான் காட்டும்: மோடம் பக்கத்தில் மைனஸ் 40. ஒரு மண்சுவர் தாண்டினால், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 65. என் மேஜைக்கு வந்தால் மைனஸ் 84, அதே இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் பேரே காட்டவில்லை. வீடியோ கால் தடங்கல் இல்லாமல் ஓட மைனஸ் 67-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. நடுவில் இருந்தது இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ. சுவரையாவது கொஞ்சம் துளைத்துக்கொண்டு போகும், இரும்பு பீரோ அலையைத் திருப்பியே அனுப்பிவிடும்.

இந்த இடத்தில்தான் டவுன் கடைக்காரர்கள், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டரை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பிக் கொடுப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதை விட, சிக்னல் இல்லாத அறையில் கொண்டுபோய் மாட்டுவார்கள், அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது எதைத் திருப்பிக் கொடுக்கும்?

அதனால் மோடம் ஆசாரத்தின் நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு மேலே போனது, அங்கிருந்து என் அறைக்கு கேட் 6 என்கிற செம்பு நெட்வொர்க் ஒயர் இழுத்து, முனையில் இன்னொரு ரவுட்டர். ஒயர்ச் சுருளோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றதும் மாமா வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "ஏனம்மிணி, ஒயரே வேண்டாத நெட்டுன்னு சொன்னீங்க, இத்தனை சுருளு வந்து எறங்குது?" பதில் சொல்லச் சங்கடமாக இருந்தாலும் உண்மை அதுதான். போனுக்கும் லேப்டாப்புக்கும் கடைசிப் பத்தடிதான் காற்றில் போகிறது, அதுவரை ஒயரில் வந்தால்தான் அந்தப் பத்தடியும் உருப்படும்.

கேட் 6 வாங்கும்போது சுத்தச் செம்பா என்று பாருங்கள். சிசிஏ என்று அச்சிட்டிருந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, விலை குறைவு, ஆனால் முனை போடும்போதே முறியும். உள்ளே நான்கு ஜோடி. நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ சரியாக உட்காரவில்லை என்றாலும் பெரும்பாலும் நெட் வரும், ஆனால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிவிட்டு 94-க்கு மேல் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஒயரின் முனையைப் பார்க்கலாம், இல்லையென்றால் ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தானா என்று பார்க்கலாம்.

இரண்டாவது ரவுட்டரை அமைப்பதில் மூன்று காரியம். அதில், ஒயரில் வரும் நெட்டை அப்படியே வைஃபையாக மட்டும் கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லாவிட்டால், டிஎச்சிபியை அணைக்க வேண்டும். வீட்டிலுள்ள கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை அது, இரண்டு பேர் கொடுத்தால் குழப்பம்தான். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், மோடம் முகவரி தரும் எல்லைக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயரை வான் (WAN) போர்ட்டில் குத்தாமல் லேன் (LAN) போர்ட்டில் குத்த வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே இருக்கட்டும், போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறு வேறாக: 2.4-ல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை, ஆசாரத்துக்கு 1, என் அறைக்கு 11 வைத்தேன். தோட்டத்தில் பக்கத்து வீட்டு வைஃபை தொல்லை இல்லை என்றாலும், சமையலறை மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 தடுமாறத்தான் செய்கிறது. லேப்டாப்பை 5-ல் மாட்டிவிட்டேன்.

மோட்டார் ரூம் தனிக் கதை. வீட்டிலிருந்து 200 மீட்டர் தாண்டி இருக்கிறது, கேட் 6-க்கு 100 மீட்டர்தான் எல்லை. அங்கே கேமரா வேண்டும் என்பது மாமாவின் ஆசை, செம்பு ஒயர் திருட்டு பக்கத்துத் தோட்டங்களில் நடந்திருக்கிறது. களத்துப் பக்கம் வெட்டவெளி என்பதால் வீட்டு மொட்டை மாடியில் ஒன்று, மோட்டார் ரூம் மேல் ஒன்று என நேருக்கு நேர் பார்க்கிற அவுட்டோர் ரேடியோ ஜோடி போட்டோம். அந்த ரேடியோத் தட்டைப் பார்த்ததும், இதுக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்களா என்று ஒரு பங்காளி பயமுறுத்தினார். வேண்டியதில்லை. 2.4 பட்டைக்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் வீட்டுக்கு வெளியே பயன்படுத்துவதையும் சேர்த்து 2018-லும் மத்திய அரசு லைசென்ஸ் விலக்கு கொடுத்துவிட்டது, சொன்ன பவருக்குள் இருந்தால் சரி. நடுவில் கண்ணுக்குத் தெரிகிற நேர்க்கோடு மட்டும் போதாது. இந்தத் தூரத்துக்கு நடுப்பகுதியில் கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். அதனால் ஒரு முருங்கை கிளை வெட்டப்பட்டது, அத்தைக்கு அதில் இன்னும் வருத்தம். தோப்புக்குள் இதைச் செய்ய முடியாது, தென்னையோலை ஈரமானால் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே உறிஞ்சிவிடும், காற்றில் ஆடினால் இன்னும் மோசம். இனி கட்டுத்தறிக்கு (மாட்டுத் தொழுவத்துக்கு) நெட் போட வேண்டி வந்தால் அது தோப்பைத் தாண்டி இருப்பதால் ஃபைபர்தான்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் பெரும்பாலும் 12 வோல்ட் டிசிதான், அடாப்டரில் எழுதியிருக்கும். அதற்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் உள்ள ஆம்பியருக்குக் குறையாமல் கொடுக்கிறதா என்று பார்த்து வாங்கினால் வீட்டு இன்வெர்ட்டரை நம்ப வேண்டியதில்லை. இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்த நொடியில் மோடம் அணைந்து எழுந்தால் மறுபடி லைன் பிடிக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகிவிடும், அதற்குள் பையர் போய்விடுவார். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி கேட்டால், மாடி ரேடியோவிலிருந்து இறங்கும் ஒயரைப் பிடுங்கிவிடுகிறோம். ஃபைபருக்கு அந்தப் பயம் இல்லை, செம்புக்கு உண்டு.

பாஸ்வேர்டு பற்றிக் கொஞ்சம். லைன் கொடுக்க வருகிறவர்கள் நம் போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவார்கள், அன்றைக்கே மாற்றுங்கள். மோடத்துக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்ற வேண்டும். பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2-க்குக் கீழே எதுவும் வேண்டாம், பாஸ்வேர்டு இல்லாமலே பட்டனிலோ பின் நம்பரிலோ இணைக்கிற டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். மாரியம்மன் நோம்பிக்குச் சொந்தபந்தம் வந்து இறங்கினால் காப்பி கேட்பதற்கு முன் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று தனியாக வைத்து, வேகத்தையும் அளவு கட்டி வைத்திருக்கிறேன். நோம்பி முடிந்ததும் அதை அணைத்துவிடலாம், கேமராவும் என் லேப்டாப்பும் இருக்கிற பக்கம் யாரும் வர முடியாது.

கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை மோடம் நேராகக் கேமராவுக்குத் திருப்பிவிடுவது) செய்யச் சொல்லி வீடியோக்கள் நிறைய இருக்கும். இங்கே பல லைன்களில் பொது ஐபி (இணையத்தில் நம் லைனின் முகவரி) ஒன்றையே பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருவதால் அது வேலை செய்யாது. கேமரா கம்பெனி ஆப் வழியாகப் பார்ப்பதே போதும், இல்லாவிட்டால் தனி ஐபிக்கு மாதம் கூடுதல் காசு கட்ட வேண்டும். நாங்கள் கட்டவில்லை. பிளானும் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நிற்கிறது. கூடுதலாக ஒரு 12 வோல்ட் அடாப்டரும் இரண்டு பேட்ச் கார்டும் (கருவிகளை இணைக்கும் குட்டை ஒயர்) மட்டும் வாங்கி மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன், டவுனுக்குப் போய்வர அரை நாள் ஆகிவிடும்.