பாலையூற்று மாதாவின் முற்றத்தில்

திருகோணமலையில், பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்குச் செல்லும் முன் பிரெட்றிக் கோட்டை வாசலில் சற்று நின்றுவிட்டுச் செல்வது என் வழக்கம். திருக்கோணேச்சரத்துக்குப் போகும் பாதை இன்றும் அந்த வாசலூடாகத்தான் செல்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினார்கள் என்பதற்குச் சாட்சியாக மீன் சின்னம் செதுக்கிய கோயிற்கல் அங்கே இருக்கிறது. நான் முத்தி செய்யும் அதே சிலுவையைத்தான் அவர்களும் ஏந்தி வந்தார்கள். ஆகவே இந்த ஊர்க் கிறிஸ்தவர் ஒருவர் ஆண்டவரை ஆர்ப்பரித்துப் பாட வாய் திறக்கும்போது, அந்த ஆர்ப்பரிப்பு வெற்றி முழக்கமாக ஒலித்த காலமும் ஒன்று இருந்தது என்பதை நினைத்துக்கொள்வது நல்லது. திருவிழா நாளில் இந்தப் பேச்சு எதற்கு என்று என் வீட்டாரே முகம் சுளிப்பதுண்டு; ஆனாலும் என் யாத்திரை அங்கேதான் தொடங்குகிறது.

பாலையூற்றில் அன்று மாலைச் செபமாலை தொடங்கியிருந்தது. அன்னையின் குகை வடிவக் கெபியின் முன்னே மெழுகுதிரிகள் உருகி ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்துகிடக்க, காணிக்கைப் பூமாலைகளுடன் வந்தவர்களில் நெற்றியில் திருநீறு அணிந்தவர்களும் இருந்தார்கள். லூர்து அன்னையின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். பிரான்சின் லூர்து ஊரில், 1858 பெப்ரவரி 11 அன்று விறகு பொறுக்கப் போன பதினான்கு வயது பெர்னதெத்துக்கு அன்னை காட்சியளித்தார். ஆலைத்தொழில் நொடித்துப்போய், பழைய சிறைக்கூடமொன்றின் ஒற்றை அறையில் குடியிருந்த குடும்பம் அவளுடையது. அதே மாதம் 25ஆம் தேதி, ஊற்றில் பருகி முகம் கழுவும்படி அன்னை சொன்னபோது, அங்கே ஊற்று எதுவும் கண்ணில் படவில்லை. நிலத்தைக் கையால் தோண்டி, மூன்று முறை கலங்கல் நீரை உதறிவிட்டு, நான்காம் முறை குடித்தாள். சேறு அப்பிய முகத்தோடு திரும்பியவளைக் கண்டு கூட்டம் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றது. பிற்பாடு தெளிந்து பெருகியது அந்தத் தண்ணீர்தான். நம் பிரசங்கங்களில் ஊற்று தவறாமல் வருகிறது, சேறு அபூர்வமாகவே வருகிறது என்பது என் சிறு குறை.

தாழ்மை என்றவுடன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வது நம்மிடையே பக்தியின் அடையாளமாகிவிட்டது. மரியாவின் பாடலிலோ, என் மீட்பராம் கடவுளை நினைத்து மனம் பேருவகை கொள்கிறது என்ற சொல் முதலில் வர, அடிமையின் தாழ்நிலையை அவர் கண்ணோக்கினார் என்பது அதன் காரணமாகப் பின்னால் வருகிறது. குருக்களும் துறவியரும் தங்கள் அன்றாடச் செபமாகிய திருப்புகழ்மாலையைத் தொடங்கும் 95ஆம் திருப்பாடலிலும் ஆர்ப்பரிப்பு முன்னால் நிற்கிறது, முழந்தாளிடுவது அதன் பின்னரே வருகிறது. தான் பெற்றதை எண்ணி மகிழ்கிறவருக்கு, அது தன் சம்பாத்தியம் அல்ல என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. முழங்கால் அப்போது வற்புறுத்தாமலே மடங்குகிறது. மகிழ்ச்சியில்லாத பணிவு பெரும்பாலும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

எனக்கு முன்னால் ஒரு முதிய தாயார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேத்தியின் தோளைப் பிடித்தபடி வெறுமணலில் மெல்ல முழந்தாளிட்டார். குரல் கம்மியிருந்தது, சுருதியும் சேரவில்லை. ஆனால் மாதா பாட்டை அவரளவு உரக்கப் பாடியவர் அந்தப் பக்கத்தில் வேறு யாருமில்லை.

“எழும்புங்கோ அம்மம்மா, முழங்கால் நோகப்போகுது,” என்றாள் பேத்தி.

“நொந்தால் நோகட்டும் பிள்ளை, பாட்டு முடியட்டும்.”

பாட்டு முடிந்தது. பேத்தி கைகொடுக்க எழுந்து நின்றவர், சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, பாடகர் குழு தொடங்குவதற்குள் அடுத்த பாட்டைத் தாமே எடுத்துவிட்டார்.