மாட்சா கோல்ட் ஃபோம்: கட்டி தட்டாமல், மூழ்காமல்

மாட்சா கோல்ட் ஃபோம் என்பது மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடியையும் கிரீமையும் குளிர்ச்சியாக அடித்து, ஐஸ் பானத்தின் மேல் ஊற்றும் நுரை. அது சரியாக வரவில்லை என்றால் முதலில் பழி விழுவது ஃப்ராதர் (நுரை அடிக்கும், பேட்டரியில் ஓடும் சின்னக் கைக்கருவி) மேல்தான். மோட்டாருக்கு வேகம் போதாது, பேட்டரி தீர்ந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் நுரை அடிக்கிற வேலை மொத்தமே 20, 25 நொடிதான். மாட்சாவை எதில் குழைத்தோம், கிரீம் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது, அதில் கொழுப்பு எவ்வளவு என்பதை வைத்து, ஃப்ராதரை எடுப்பதற்கு முன்பே நுரையின் கதி பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

350 முதல் 400 மில்லி பிடிக்கும் ஒரு கிளாஸுக்கான அளவு இது:

மாட்சா 2 கிராம்
வெந்நீர் (70–75 டிகிரி செல்சியஸ்) 15 மில்லி
35 சதவீதம் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் 45 மில்லி
முழுக் கொழுப்புப் பால் 30 மில்லி
சர்க்கரைப் பாகு (சர்க்கரையும் தண்ணீரும் சம எடை) 10 மில்லி
உப்பு ஒரு சிட்டிகை

2 கிராம் என்பது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கு அருகில் வரும். ஆனால் சலித்த மாட்சா உப்பலாக இருக்கும், டப்பாவில் அமுங்கிக் கிடந்தது கனமாக இருக்கும். சின்னத் தராசு இருந்தால் எடை போட்டுவிடுவது நல்லது. உப்பைச் சுவைக்காகப் போடவில்லை, கசப்பை அடக்கத்தான். உப்புக் கரிக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்தால் அது அதிகம்.

மாட்சா தண்ணீரில் கரையாது. அது தேயிலையையே மாவாக அரைத்த பொடி, திரவத்தில் மிதக்கத்தான் செய்யும். குளிர்ந்த பாலிலோ கிரீமிலோ நேராகக் கொட்டினால் பொடி உருண்டைகளின் வெளிப்பக்கம் நனைந்து மூடிக்கொள்ளும், உள்ளே பொடி காய்ந்தபடியே இருக்கும். ஃப்ராதர் அந்த உருண்டைகளைச் சின்னதாக்குமே தவிர உடைக்காது. குடிக்கும்போது நாக்கில் பச்சைத் துகள் தட்டுப்படுவது இதனால்தான். ஆகவே முதலில் டீ வடிகட்டியில் சலித்துவிட்டு, ஒரு டீஸ்பூன் வெந்நீர் மட்டும் விட்டுக் கெட்டியான விழுதாகக் குழையுங்கள். விழுது பளபளவென்று வந்த பிறகு மீதி நீரை ஊற்றிக் கலக்குங்கள். மூங்கில் விஸ்க் இருந்தால் வேகமாக முன்னும் பின்னுமாக அடிக்கலாம். இல்லாவிட்டால் ஸ்பூனின் பின்பக்கமே போதும், இந்த அளவுக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை. கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம். துவர்ப்பு தூக்கலாகும், நிறமும் மங்கும்.

பலரும் தாண்டிப் போகிற படி அடுத்ததுதான். விழுதை ஆறவிடாமல் கிரீமில் ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் இருக்கும் 85 மில்லி கிரீம் கலவையில் 70 டிகிரியில் 15 மில்லியைச் சேர்த்தால் மொத்தமும் 14 டிகிரிக்கு ஏறிவிடும். கிரீம் நுரையைத் தாங்குவது அதிலுள்ள பாதி உறைந்த கொழுப்புத் துளிகள். அவை காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுவர் கட்டுகின்றன. சூடு ஏறினால் கொழுப்பு இளகும், சுவர் நிற்காது. விழுதுக் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் போதும். நுரை அடிக்கும் கிளாஸையும் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் இன்னும் நல்லது.

கொழுப்பின் அளவை ஏன் இப்படி வைக்கிறோம் என்றால், மேலே சொன்ன கலவையில் எல்லாம் சேர்ந்து 17 சதவீதத்துக்கு அருகில் வரும். நுரை நிற்கவும் வேண்டும், ஊற்றவும் வர வேண்டும் என்றால் இந்த அளவு வசதியானது. கிரீமை மட்டும் அடித்தால் கேக்குக்கு மேல் வைப்பதுபோல விறைத்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலை மட்டும் அடித்தால் புரதத்தின் பலத்தில் நன்றாகவே பொங்கும், ஆனால் குமிழி பெரிதாக, வறண்டு இருக்கும். சில நிமிடத்தில் அடங்கவும் ஆரம்பிக்கும். கிடைப்பது 25 சதவீதக் கிரீம்தான் என்றால் பாலை விட்டுவிட்டு, கிரீமையே 75 மில்லியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு திரவமாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரை குளிர்ந்த கிரீமில் கரையாமல் நறநறக்கும். பாகுக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க் 2 டீஸ்பூன் சேர்த்தால் நுரை இன்னும் கெட்டியாக, மெழுகுப் பதமாக வரும். இனிப்பே வேண்டாம் என்பவர்களுக்கும் நுரை வரும், ஆனால் சீக்கிரம் நீர்விடும். சர்க்கரை சுவைக்கு மட்டுமல்ல, நுரையின் நீர்ப் பகுதியைக் கெட்டியாக்கிக் குமிழியைத் தாங்கவும் உதவுகிறது.

அடிப்பதற்கு அகலக் கிண்ணம் உதவாது. 100 மில்லி திரவம் அதில் பரந்து கிடக்கும், ஃப்ராதரின் சுருள் முழுதாக மூழ்காது. உயரமான, குறுகிய கிளாஸ் எடுங்கள். சுருளை உள்ளே விட்ட பிறகு சுவிட்சைப் போடுங்கள், அணைத்த பிறகு வெளியே எடுங்கள். இந்த வரிசை மாறினால் சுவரெல்லாம் பச்சைதான். முதல் 5 நொடி அடியில் வைத்து விழுதையும் கிரீமையும் கலக்குங்கள். பிறகு மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து 10 முதல் 15 நொடி காற்றை இழுக்க விடுங்கள். சரசரவென்ற சத்தம் மெல்ல மந்தமாகும். கடைசியில் மறுபடி கொஞ்சம் கீழே இறக்கி 5 நொடி ஓட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து பொடியாகும்.

எங்கே நிறுத்துவது என்பதற்குக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். கிரீமுக்குக் கிரீம் நேரம் மாறும். அளவு ஒன்றரை மடங்காகி, பாதி உருகிய ஐஸ்கிரீம் போன்ற பதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஸ்பூனால் தூக்கிவிட்டால் பட்டையாக விழுந்து, அந்தத் தடம் இரண்டு மூன்று நொடி மேலே நின்று மறைய வேண்டும். உடனே மறைந்தால் இன்னும் அடிக்க வேண்டும், நுரை பானத்தில் கலந்துவிடும். தடம் மறையவே இல்லை என்றால் தாண்டிவிட்டீர்கள். அப்போது ஒரு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பாலை விட்டு, ஃப்ராதர் இல்லாமல் ஸ்பூனால் மெதுவாகப் புரட்டினால் பதம் திரும்பும். மணல் மணலாகி நீர் பிரிய ஆரம்பித்துவிட்டால் அது வெண்ணெயாகும் வழியில் இருக்கிறது, மீட்க முடியாது.

ஃப்ராதர் இல்லையா? ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் (சல்லடைத் தட்டை மேலும் கீழும் அழுத்தும் காபி ஜாடி) ஊற்றி 20, 30 முறை வேகமாக ஏற்றி இறக்கினால் குமிழி ஆச்சரியமாக நுணுக்கமாக வரும். ஃப்ராதரைவிட இது மேல் என்றுகூடச் சொல்லலாம். மூடியுள்ள ஜாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் முக்கால் நிமிடம் குலுக்கலாம், ஆனால் குமிழி பெரிதாக இருக்கும். மேடையில் இரண்டு தட்டு தட்டி அவற்றை உடைத்துவிடுங்கள். மிக்ஸி ஒரு கிளாஸுக்கு வேண்டாம். இவ்வளவு சின்ன அளவு பிளேடுக்கு எட்டாது, எட்டினாலும் கண்மூடித் திறப்பதற்குள் வெண்ணெயாகும்.

மேலே ஊற்றும்போது மூழ்கினால் காரணம் எப்போதும் நுரையில் இல்லை. கிளாஸில் ஐஸ் விளிம்பு வரை இருக்க வேண்டும், பானத்தை மேலே 3 சென்டிமீட்டர் விட்டு நிரப்ப வேண்டும். ஐஸ் கட்டிகள்தான் நுரைக்கு மேடை. ஆறாத காபியை ஐஸ் மேல் ஊற்றிய கையோடு நுரையையும் ஊற்றினால் அது இளகித்தான் போகும். ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் மெதுவாக வடியவிடுங்கள்.

அடியில் என்ன இருக்கலாம்? வெறும் குளிர்ந்த பால், ஸ்ட்ராபெரி கூழ் கலந்த பால், இளநீர், கோல்ட் ப்ரூ (குளிர்ந்த நீரில் ஊறவைத்து இறக்கிய காபி) எல்லாம் பொருந்தும். கோல்ட் ப்ரூ என்றால் கசப்பின் மேல் கசப்பு, அதனால் பாகை 15 மில்லியாக்குங்கள். அடியிலும் மாட்சா, மேலேயும் மாட்சா என்பது வீண் செலவு என்பது என் கருத்து. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புச் சாறுகளைத் தவிர்க்க வேண்டும். அமிலம் பட்ட இடத்தில் பால் புரதம் திரிந்து, நுரைக்கடியில் திரித்திரியாகத் தொங்கும்.

பால் சேர்க்காதவர்களுக்கு: ஃப்ரிட்ஜில் வைத்த தேங்காய்க் கிரீமின் கெட்டிப் பகுதி 45 மில்லி, பாரிஸ்டா வகை (நுரை வருவதற்கென்றே தயாரித்த) ஓட்ஸ் பால் 30 மில்லி. தேங்காய்க் கொழுப்பு குளிரில் கல்லாக உறையும், எனவே இரண்டையும் முதலில் கட்டியில்லாமல் கலக்கிவிட்டுத்தான் மாட்சா. சோயா பாலில் புரதம் இருப்பதால் தனியாகவே ஓரளவு நுரைக்கும். பாதாம் பாலை விட்டுவிடலாம்.

மாட்சா வாங்கும்போது டப்பாவில் உள்ள ‘செரிமோனியல்’ (டீ சடங்குக்கான தரம்) என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம், அதற்குப் பொதுவான அதிகாரபூர்வத் தரவரையறை கிடையாது. நிறத்தைப் பாருங்கள். கிரீமின் வெள்ளையில் கலந்த பிறகும் பச்சையாகத் தெரிய வேண்டும். மஞ்சளோடிய பழைய பொடி சேற்று நிறம்தான் தரும். அதேசமயம் மிக மென்மையான, விலை உயர்ந்த மாட்சாவின் நுட்பமெல்லாம் கிரீமிலும் சர்க்கரையிலும் அமுங்கிப்போகும். நடுத்தர விலையில் கொஞ்சம் கசப்பு தூக்கலானதே இதற்குச் சரி. திறந்த டப்பாவைக் காற்றுப் புகாமல், வெளிச்சம் படாமல் வைத்து இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துப் பொடி கட்டி தட்டும்.

முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமானால் கிரீம், பால், பாகு, உப்பு நான்கையும் கலந்து ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மாட்சா விழுதை அன்றன்று குழையுங்கள், கலந்து வைத்தால் அடியில் படியும். அடித்த நுரை கால் மணி நேரம் தாங்கும், தளர்ந்தால் 5 நொடி மறுபடி ஓட்டினால் போதும்.

வேலை முடிந்ததும் ஃப்ராதரை உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு ஓட்டுங்கள், சுருளில் காய்ந்த மாட்சா எளிதில் போகாது. பிறகு நல்ல தண்ணீரில் இன்னொரு முறை ஓட்டுங்கள். சுருளில் சோப்பு ஒட்டியிருந்தால் அடுத்த முறை நுரை எழும்பாது.