வரைபடத்தில் இல்லாத தெரு

"சரிம்மா, போடல" என்று சொல்ல இரண்டு விநாடிகூட ஆகவில்லை. சொன்னது சரிதானா என்பது மட்டும் வரைபடம் இரண்டு தடவை அச்சான பிறகும் தீரவில்லை.

தரங்கம்பாடித் தகவல் மையத்துக்கான கைவரைபட வேலை அது. நகர வாயிலில் தொடங்கி ராஜ வீதி வழியாகக் கடற்கரை வரை, பிறகு குறுக்குத் தெருக்கள் என்று அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"என்னா தம்பி அளக்குறீங்க? ரோடு போடப் போறாங்களா?"

"இல்லம்மா. ஊரு பாக்க வர்றவங்களுக்கு மேப் போடறோம்."

"அப்ப எங்க தெருவ அதுல போட்றாதீங்க. ஞாயித்துக்கெழம ஆனா திண்ணையில ஏறி நின்னு போட்டோ புடிக்கிறாங்க. உள்ள உக்காந்து சாப்டுக்கிட்டு இருக்கோம், ஜன்னல்ல ஒரு மொகம் தெரியுது."

அதற்குத்தான் அந்த "சரிம்மா". தெருவின் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிலுக்குள் இருந்த பழைய ஊர் சின்னது. மேற்கே நகர வாயிலில் நுழைந்தால் பேச்சு முடிவதற்குள் கடல் வந்துவிடும். அதற்குள் 1792-இல் கட்டிய வாயில், 1701-இன் சீயோன் கோயில், 1718-இன் புதிய எருசலேம் கோயில், கவர்னர் மாளிகை, கோட்டை, கடல் பாதி கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் அடக்கம். இவற்றுக்கு நடுவில் உள்ள வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். கூட்டத்தை எந்தப் பக்கம் அனுப்புவது, எந்தப் பக்கம் அனுப்பாமல் விடுவது என்பதுதான் தகவல் மையத்தின் உண்மையான வேலை. வரைபடத்தில் ஒரு எண் விழுந்தால் அங்கே கால்கள் போகும். ஆகவே ஒரு தெருவை விட்டது தப்பில்லை.

இந்த நியாயத்தை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். எனக்குத்தான் அது முழுதாக ஒட்டவில்லை.

கட்டடம் கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்பே வாயில் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு குடை, ஒரு நீள நோட்டு மட்டும் வைத்து உட்கார்ந்தோம். வந்தவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. வேறு ஊரில் மையம் தொடங்குகிறவர்கள் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே, கோட்டை எத்தனை மணி வரை, கடலில் இறங்கலாமா, காரைக்கால் பஸ் எங்கே நிற்கும்: நோட்டை நிரப்பியவை இவைதான். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு ஏன் இடம் கொடுத்தார் என்று கேட்டவர்களுக்கு விழுந்த கோடுகள் ஒரு ஓரத்தில் அடங்கிவிட்டன. நிதி கொடுத்தவர்களின் வரைவில் வரலாற்றுக்கு எட்டுப் பலகைகள் இருந்தன. கழிப்பறைக்கு ஒரு அம்புக்குறிகூட இல்லை. நோட்டை விரித்துக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள்.

வருகிறவர்களில் மூன்று விதம் தெரிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் முடித்து, சாப்பிட்ட கையோடு வேனில் வருகிறவர்கள் ஒரு விதம். பட்டுப்புடவை, மாலை கழற்றின கழுத்து, முட்டிவலி. டிரைவர் ஹாரன் அடிப்பதற்குள் பார்த்தாக வேண்டும். இவர்களுக்கு வேண்டியது நிழலும், உட்கார ஒரு திட்டும், முக்கால் மணி நேரத்தில் முடிகிற சுற்றும். அடுத்தது, வேளாங்கண்ணிக்குப் போகும் வழியில் கடலைப் பார்த்ததும் வண்டியைத் திருப்புகிறவர்கள். மூன்றாவது, 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய இடம், அவர் அடக்கமான கோயில், தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் என்று தெரிந்தே வருகிறவர்கள். இவர்கள் ஆற அமரப் பார்ப்பார்கள், கேட்பார்கள், ஒரு தேதி தப்பாக இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்களுக்கும் அன்றைக்கே விடுமுறை விடலாம் என்றுதான் முதலில் பேச்சு. நோட்டில் வெள்ளிக்கிழமைப் பக்கம்தான் கனமாக இருந்தது. பூட்டிய கதவைப் பார்த்தவன் அடுத்து ஒரு ஆளைத் தேடுவான். அதனால் மையத்துக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை.

வாயிலில் வைத்த பெரிய வரைபடப் பலகையை முதலில் வழக்கப்படி வடக்கை மேலே வைத்துப் போட்டோம். நான்கடிக்கு மூன்றடி, நல்ல அச்சு. பார்த்துவிட்டுப் போனவர்கள் கோட்டைக்கு இடப்பக்கம் திரும்பினார்கள். வாயிலில் நிற்பவன் கிழக்கே, கடலைப் பார்த்து நிற்கிறான். பலகையிலும் கிழக்குதான் மேலே இருக்க வேண்டும். அவன் வலப்பக்கம் உள்ள கோட்டை பலகையிலும் வலப்பக்கம் வந்தால்தான் கால் சரியாகப் போகும். கையில் பிடிக்கும் தாளைத் திருப்பிக்கொள்ளலாம். சுவரில் அடித்ததை எப்படித் திருப்புவது? மாற்றிப் போட்ட பிறகு வழி கேட்டுத் திரும்பி வருவது குறைந்தது.

கடற்காற்றைப் பற்றித் தனியாக எழுதலாம். பலகையில் அடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) திருகுகள் ஒரு மழைக்காலத்தில் துரு ஒழுகவிட்டன. ரகுநாத நாயக்கர் பெயருக்கு மேலே பழுப்புக் கண்ணீர். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் கடலோரத்தில் கறை பிடிக்கும். 316 ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும், கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார். சன்போர்டு (நுரைப் பலகை) வெயிலில் வளையும், ஃப்ளெக்ஸ் வெளுக்கும், டச் ஸ்கிரீனுக்குள் உப்பு போகும். டச் ஸ்கிரீன் வேண்டாம் என்று நாங்கள் சொன்ன ஒரே காரணத்தால் எங்களைப் பழம்பஞ்சாங்கம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும்.

எழுத்து இன்னொரு தலைவலி. பலகையில் ஆறடி தள்ளி நின்று படிக்க வேண்டும் என்றால் தமிழெழுத்தின் உடல் ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மேலே சுழியும் கீழே உகரமும் உண்டு, வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விட வேண்டும். நாம் யூனிகோடில் கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள், அப்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும். எங்களுக்கு "கோட்டை" அப்படித்தான் உடைந்து வந்தது. கணினியில் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடக் கூடாது, அச்சுக்குப் போகிற கடைசி ஃபிலிமைக் கண்ணால் பார்த்த பிறகே போட வேண்டும். பொறையாறில் கடுதாசிப்பட்டறை என்று இன்றைக்கும் ஒரு இடத்துக்குப் பேர் இருக்கிறது. மிஷனரிகள் அச்சுக்குக் காகிதம் செய்த இடம். அதற்கு இரண்டு எட்டில் இருந்துகொண்டு அச்சுப்பிழைக்கு மன்னிப்புக் கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஊர்ப் பெயருக்கான பலகையில் எழுத்துக்கு எழுத்து சண்டை நடந்தது. அலை பாடுகிற இடம் என்று போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-இல் எழுந்தது; கல்வெட்டில் ஊர் சடங்கன்பாடி, குலசேகரபட்டினம் என்று வருகிறது. இரண்டையும் போட்டோம், கல்வெட்டை முதலில். அந்த வாதத்தை மூன்று நாள் நடத்தினோம். ஒரு தெருவை நீக்கும் முடிவை மட்டும் திண்ணையோரத்தில், நின்ற நிலையில், இரண்டு விநாடியில் எடுத்தோம்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நோட்டில் கோடு போட்டு எத்தனையோ பத்திகள் பிரித்திருந்தோம், எல்லாம் வருகிறவர் கேட்பதற்கு. ஊர்க்காரர் சொல்வதை எழுத ஒரு பத்திகூட இல்லை. இருந்திருந்தால் அந்த அம்மாவின் பேச்சு அதில் ஒரு கோடாக விழுந்திருக்கும். அடுத்த வீட்டில் போய்க் கேட்டிருப்போம், எதிர்வீட்டில் கேட்டிருப்போம். பத்தி இல்லாததால் அது கோடாகவில்லை, நேரே தீர்ப்பாகிவிட்டது.

முதல் பதிப்பு வந்து கொஞ்ச நாளில் மையத்துக்கு ஒருவர் வந்தார். அதே தெரு. வீட்டு வாசலில் சோடா, சர்பத், கிளிஞ்சல் மாலை வைத்து விற்கிறவர். மேசையிலிருந்த தாளை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார்.

"எங்க தெரு எங்க சார்?"

காரணத்தைச் சொன்னேன். யார் சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

"ஒரு வீட்டுல வேணாம்னா தெருவே வேணாம்னு ஆயிடுமா? சுனாமியில அடிச்சிக்கிட்டுப் போனப்பகூட எங்க தெரு இருந்திச்சு சார். ஒங்க பேப்பர்ல இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொன்னார், தாளுக்குண்டான ஐந்து ரூபாயையும் வைத்துவிட்டுப் போனார். (இலவசமாகக் கொடுத்தால் கடற்கரையில் பறக்கும், ஐந்து ரூபாய் வாங்கினால் மடித்துப் பையில் வைப்பார்கள். அதனால்தான் விலை.)

அவர் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. 1733-இல் டேனிஷ்காரர்கள் வரைந்த ஊர்ப்படத்தில் மதிலுக்குள் இருக்கும் தெருக்கள் இன்றைக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. அந்தப் படத்தின் நகலை மையத்தில் சுவர் அகலத்துக்கு மாட்டியிருக்கிறோம், தெருவமைப்பு மாறாததுதான் இந்த ஊரின் சிறப்பு என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறோம். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் மாறாத படத்தில் ஒரு தெருவைக் குறைத்தது நாங்கள். சுவரில் இருக்கிறது, கையில் இல்லை. இதை வருகிறவர் ஒருவரும் கவனித்ததில்லை. கவனிக்காதது நிம்மதியா, அவமானமா என்று தெரியவில்லை.

திண்ணையைப் பற்றியும் யோசிக்கிறேன். வழிப்போக்கர் உட்காரட்டும் என்று கட்டியது திண்ணை. பழைய வீடுகளைப் பழுதுபார்த்தபோது அடைத்துக் கட்டிய சுவரை இடித்து, தூணை நேர்செய்து, சுண்ணாம்பு பூசித் திண்ணையை மீட்டார்கள், நல்ல வேலை. அழகாக ஆனதும் போட்டோக்காரர்கள் வந்தார்கள். அந்த அம்மா வீட்டுத் திண்ணைக்கு இப்போது கம்பி கேட் போட்டிருக்கிறது, நீலப் பெயிண்ட், உள்பக்கம் பூட்டு. மரபு வேலை செய்கிறவர்களுக்கு அந்த கேட்டைப் பார்த்தால் வயிறு எரியும். எங்கள் தாளில் தெரு இல்லாமலே அந்த கேட் வந்திருக்கிறது என்றால், நாங்கள் விட்டதால் அவருக்கு என்ன பயன்? ராஜ வீதியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெருவின் முனை தெரியும், கால் உள்ளவன் திரும்பத்தான் செய்வான். அப்படியானால் வரைபடத்தில் போட்டு, பக்கத்தில் "வீடுகளில் மக்கள் வசிக்கிறார்கள், கேட்டுவிட்டுப் படமெடுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதுதான் சரியாக இருந்திருக்குமோ. பல ஊர்களில் அப்படி எழுதிய பலகையைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகையோடு சேர்த்தே படமெடுக்கிறார்கள்.

இரண்டாம் பதிப்பில் ஒரு சமரசம் செய்தோம். தெருவுக்கு ஒரு மெல்லிய கோடு. பெயர் இல்லை, எண் இல்லை, சுற்றுப் பாதையின் சிவப்புப் புள்ளிகள் அதில் திரும்பவில்லை. சர்பத்காரருக்கு இது போதாது. அந்த அம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும். போடவில்லை என்று சொன்னதும் நான், கோடு போட்டதும் நான்.

அதே பதிப்பில் காகிதத்தையும் மாற்றினோம். முதல் தடவை 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற காகித எடை) ஆர்ட் பேப்பர்: வெயிலில் கண்கூசும், பால்பாயிண்ட் பேனா வழுக்கும். இப்போது 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, பளபளப்பில்லாத காகிதம், பேனாவில் எழுதலாம். மேசையில் உட்காருகிறவர் வந்தவரின் வயது, நேரம், வண்டி நிற்கும் இடம் கேட்டு அவரவருக்குத் தக்கபடி தாளிலேயே கோடு போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாற்றியது. அச்சடித்த சுற்றைவிடக் கையால் போட்ட கோட்டைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள்.

மேசையில் இருக்கும் பெண் இந்த ஊர்தான். போன வாரம் மூடுகிற நேரத்தில் கேட்டது:

"சார், அந்தத் தெருவுக்குப் பேனாவுல கோடு போடலாமா கூடாதா? மொதல்லயே சொல்லிடுங்க. நான் போட்டா ஒரு வீட்ல கேப்பாங்க, போடலேன்னா இன்னொரு வீட்ல கேப்பாங்க. நீங்க சாயந்தரம் பஸ் ஏறிடுவீங்க."

எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன், அதில் அந்தத் தெருவின் வீட்டு எண்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் கேட்க வேண்டும். முதலில் நீல கேட் வீட்டுக்குப் போவதா, கடைசியில் போவதா என்பதில் வந்து நிற்கிறது.