அம்மை வீட்டு மங்குஸ்தான்

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் தம்பி போன் பண்ணினான். அம்மை வீட்டு மனைக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, ஏப்ரலில் கிரயம். வாங்குகிறவர்கள் பழைய வீட்டை இடித்து, மனையை மட்டம் பண்ணித்தான் புது வீடு கட்டப் போகிறார்களாம். "அப்ப மரம்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அது நட்ட நடுவுலல்லா நிக்குது அக்கா" என்றான்.

கிணற்றடி மங்குஸ்தான் அது. எனக்கு 6 வயதாக இருந்தபோது அப்பா வைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், மலைப்பாதையில் பர்லியாற்றில் ஒரு கன்று வாங்கி, கேபினில் காலடியில் வைத்தே கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் வரை கொண்டுவந்தார். 1871-இல் தொடங்கிய பழப்பண்ணை இருக்கிற ஊர் பர்லியாறு. கன்று வந்து 10 வருடம் பூக்கவே இல்லை. இரண்டு முறை வெட்டுகத்தி எடுத்த அப்பாவை அம்மைதான் மறித்தாள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம் முதல்முதலாக 9 காய் பிடித்தது.

மத்தியானமே பஸ் ஏறிப் போனேன். பறிப்பு முடிகிற சமயம், உச்சாணிக் கொம்புகளில் இருந்து 23 பழம் கிடைத்தது. பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தடம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஆறா ஏழா என்று நானும் தம்பியும் பந்தயம் கட்டித் தோடு உடைப்போம். இன்றைக்குத் தனியாக எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பையில் கட்டி எடுத்து வந்துவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

23 பழத்தில் 34 விதை. பெரிய சுளைக்குள்தான் முழு விதை இருக்கும். சின்னச் சுளையில் இருந்தாலும் சப்பை. எடை உள்ளதுதான் நன்றாக முளைக்கும் என்பதால் சப்பையை எல்லாம் ஒதுக்கினேன். மிஞ்சியது 26.

நெல்லையும் பயறையும் போல மங்குஸ்தான் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. காய்ந்தால் செத்தது. பழத்துக்குள் இருக்கும்வரை சில வாரம் தாங்கும், வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கோ மறுநாளோ மண்ணுக்குள் போய்விட வேண்டும். சதை நூல் நூலாக விதையைப் பிடித்துக்கொண்டிருந்தது. விட்டால் எறும்பு வரும், பூசணம் வரும். அடுப்புச் சாம்பல் தொட்டுப் பழைய வேட்டித் துணியில் உருட்டி, நாலு தண்ணீரில் கழுவினேன். இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய சாணி, வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா ஒரு கைப்பிடி. விரல்கடை ஆழம் கூட வேண்டாம், விதை மறைந்தால் போதும்.

மாமி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "கடையில ஒட்டுக்கன்னு கிடைக்கும்லா மக்ளே, விதை போட்டு எப்ப காய்க்க?" என்றார்கள். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். மல்கோவாக் கொட்டையைப் போட்டால் மல்கோவாதான் வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். எந்த மரத்து மகரந்தம் வந்து விழுந்ததோ, அதன் சாயலும் சேர்ந்துவிடும். மங்குஸ்தானில் அந்தப் பேச்சே இல்லை. அதன் பூவில் மகரந்தம் தருகிற இழையான கேசரம் இருக்கும், ஆனால் சூம்பிப்போய் இருக்கும். மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும். விதை என்று நாம் சொல்வது தாய்மரத்தின் திசுவே திரண்டு உருவாவது. தகப்பன் இல்லாத பிள்ளை. இந்த 26-இல் எது முளைத்தாலும் அது கிணற்றடி மரம்தான். அதற்கும் முன்னால் பர்லியாற்றில் நின்ற அதன் தாய்மரம். கடையில் வாங்கும் ஒட்டுக்கன்று வேறு யாரோ வீட்டு மரம்.

மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, நிழல்வலைக்கு அடியில் செங்கல் அடுக்க எழுந்து வந்தார்கள்.

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

22-ஆம் நாள். முதல் முளை!

ஒன்றை மட்டும் மண்ணை விலக்கிப் பார்த்தேன், பொறுக்க முடியவில்லை. விதையின் ஒரு முனையிலிருந்து வேர் கீழே போகிறது. நேர் எதிர் முனையிலிருந்து செம்பழுப்பாக ஒரு குருத்து மேலே வருகிறது. நடுவில் விதை, ஒரு கயிற்றில் போட்ட முடிச்சு மாதிரி. அவரையிலோ பலாவிலோ இப்படிப் பார்த்ததில்லை. முதலில் வரும் இந்த வேர் நிலைக்காது என்பதுதான் இதில் ஆச்சரியம். குருத்தின் அடியிலிருந்து இன்னொரு வேர் புறப்பட்டு, அதுதான் ஆணிவேராக இறங்கும். முதல் வேர் மெல்ல வற்றிவிடும். மண்ணை மறுபடி மூடி, விரலால் அமுக்காமல் தண்ணீர் தெளித்தேன்.

2024 செப்டம்பர் 15, ஞாயிறு

21 முளைத்தது. ராத்திரி பெரிய நத்தை ஏறி 4 குருத்தைத் தின்றுவிட்டது. மீதி 17. டார்ச்சோடு தேடிப் பிடித்து உப்புத் தண்ணீர் வாளியில் போட்டேன். செங்கலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

இலைகள் முதல் ஜோடி விரிந்து கெட்டியாகிவிட்டது. இன்றைக்குப் பை மாற்றினேன். ஒன்றேகால் அடி ஆழமுள்ள ஒடுக்கமான பைதான் வேண்டும் என்று மார்த்தாண்டம் வரை போய் வாங்கி வந்தேன். மங்குஸ்தான் வேர் அகலத்தில் ஓடாது, கீழே கீழே போகும். பக்கவேர் குறைவு, வேர்த்தூவியும் கிடையாது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்ச மற்றச் செடிகளுக்கு இருக்கும் பாதி வசதி கூட இதற்கு இல்லை. மெதுவாக வளர்கிறது என்று எல்லோரும் குறை சொல்கிறார்களே, காரணம் வேரில்தான் இருக்கிறது. அதனால்தான் மண் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது.

15 கன்று மண்கட்டி உடையாமல் மாறியது. இரண்டில் கட்டி உதிர்ந்து வேர் முறிந்தது. முறிந்த இடத்தில் மஞ்சள் பால் முத்துப்போல் நின்றது. இரண்டையும் நட்டுத்தான் வைத்திருக்கிறேன். இலை இப்போதே தொங்குகிறது.

2024 நவம்பர் 24, ஞாயிறு

மழை. அந்த இரண்டும் போய்விட்டன.

தோட்டத்து மற்றச் செடிகளைப் பற்றிக் கொஞ்சம். தின்றால் புளிப்பையும் இனிப்பாகக் காட்டும் மிராக்கிள் பழச்செடியின் இலை ஓரமெல்லாம் தீய்ந்துகொண்டே வந்தது. உரக்குறை என்று நினைத்து நான் உரம் வைக்க வைக்க அதிகமானது. போர் தண்ணீரின் உப்புதான் காரணம். அதற்குப் புளிப்பு மண் வேண்டும். கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஒரு மாதமாக அதை மட்டும் விடுகிறேன். புது இலை பச்சையாக வருகிறது. 3 பழமும் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு பழத்தை வாயில் ஒதுக்கிவிட்டு எலுமிச்சையைச் சப்பிச் சப்பித் தின்றார்கள். மரத்திராட்சை என்று விற்கிறார்களே, ஜபோட்டிகாபா, அது அப்படியே நிற்கிறது. அதன் காலம் இன்னும் வரவில்லை.

சென்னையிலிருந்து தங்கை மகள் மங்குஸ்தான் கன்று ஒன்று கேட்டாள். கொடுக்க மனம் வரவில்லை. மாடியில் மே மாத வெயிலும் வறண்ட காற்றும் இதற்கு ஆகாது. நம் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்து, காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால்தான் இது நிற்கிறது. முட்டைப்பழக் கன்று தருகிறேன் என்றேன். அது எங்கேயும் வரும்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

ரம்புட்டான் இந்த வருடமும் கொப்பு கொப்பாகப் பூத்திருக்கிறது. மூன்றாவது வருடம், ஒரு காய் கூட இல்லை. இன்றைக்கு ரப்பர் நர்சரியில் 30 வருடம் பட்டிங், அதாவது மொட்டு ஒட்டுகிற வேலை பார்த்த அண்ணன் வந்தார். ஒரு பூங்கொத்தை ஒடித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னிடமும் நீட்டினார். வெள்ளைக் கேசரங்கள் மட்டும் சுற்றி நிற்கின்றன. நடுவில் ஒன்றும் இல்லை. காய்க்கிற மரத்தின் பூவில் நடுவே இரட்டையாகப் பிதுங்கிய சூலும் அதன் உச்சியில் இரண்டாகப் பிரிந்து சுருண்ட கொம்பும் இருக்கும். இரண்டு சூலில் ஒன்றுதான் பழமாகும். ரம்புட்டான் காம்பு பக்கத்தில் கடுகு மாதிரி ஒரு குமிழ் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் வளராமல் போன இன்னொன்று.

"ஆண் மரம், மக்ளே. விதை போட்டா பாதிக்குப் பாதி இப்படித்தான்."

தின்ற பழத்தின் விதையை 7 வருடம் முன்னால் நான் போட்டதுதான் அது. வீட்டுக்காரர் வெட்டிவிடலாம் என்றார். அண்ணன் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேர் நல்ல வேரு. தலைய மட்டும் மாத்துவோம்" என்றார்.

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

மார்ச் நடுவில் ரம்புட்டானை இடுப்பு உயரத்தில் வெட்டினோம். வெட்டுவாயில் சாணிப் பால் பூசி, மேலே ஓலை கட்டியிருக்கிறேன். தூரில் இன்று 6 துளிர்.

வெள்ளிக்கிழமை கிரயம். அதனால் இன்றைக்கே அண்ணனையும் கூட்டிக்கொண்டு அம்மை வீட்டுக்குப் போனேன். விதைக் கன்றுகள் கையில் இருந்தாலும், மரத்தின் கொழுந்தையே நேராக எடுத்து ஒட்டிவைத்தால் காய்ப்புக்குச் சில வருடம் முந்தும். பக்கவாட்டுக் கொம்பிலிருந்து எடுத்தால் கன்று வாழ்நாள் முழுக்கப் படுத்துக்கொண்டே வளரும், நிமிராது. நேராக மேலே போகிற நுனிக்கொம்புதான் வேண்டும். அது ஒரு மரத்தில் எத்தனை இருக்கும்? அண்ணன் ஏணி வைத்து ஏறி 8 நுனி எடுத்துக் கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

குடம்புளிக் கன்றுகள் 6 வைத்திருந்தேன். மீன்குழம்புக்குப் போடுகிறோமே அதே குடம்புளி. மங்குஸ்தானுக்கு நெருங்கிய சொந்தம், வேகமாக வளரும். அதில் 6 ஒட்டு. மூன்று வருடம் முன்பு சந்தையில் வாங்கிய மங்குஸ்தான் நாற்று இரண்டில் மீதி 2 ஒட்டு. ஆப்பு மாதிரிச் செதுக்கி, பிளந்த தண்டில் இறக்கி, நாடா சுற்றி, மேலே ஐஸ் கவர் கவிழ்த்துக் கட்டினார். கத்தி வேலையில் ஒரு தயக்கம் இல்லை. சொந்தம் என்பதற்காகச் சேர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புறப்படும்போது மரத்தடியில் நின்றேன். அடியில் எப்போதும் இருட்டு, அந்த இலை அவ்வளவு தடிமன். தம்பி கூப்பிடும் வரை நின்றேன்.

2025 ஏப்ரல் 19, சனி

ஜேசிபி வந்ததாம். தம்பி போட்டோ அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை.

2025 ஜூன் 22, ஞாயிறு

தென்மேற்கு நன்றாகப் பிடித்துவிட்டது. மழையில்தான் பட்டை வழுக்கும், மொட்டு கட்ட இதுதான் நேரம். ரம்புட்டான் தூரில் வந்த துளிர்களில் நல்ல 4 மட்டும் விட்டிருந்தேன், இப்போது பெருவிரல் பருமன். தெருக்கோடி வீட்டில் நிற்கும் என்18 ரக ரம்புட்டான் மரத்தில் 10 நாள் முன்பே அண்ணன் கொம்பு பார்த்து, இலைகளை நறுக்கி, காம்பை மட்டும் விட்டு வந்திருந்தார். காம்பு தானாக உதிர்ந்து, கணு ஒவ்வொன்றிலும் மொட்டு வீங்கி நின்றது.

துளிரின் பட்டையில் இரண்டு நெடுங்கீறல், அடியில் ஒரு குறுக்குக் கீறல். கத்தியின் பின்பக்கத்தால் நெம்பினார். பட்டை நாக்கு மாதிரிப் பிரிந்தது, உள்ளே தந்தம் போல் வழவழப்பு. அந்த இடத்தைக் கையால் தொடக் கூடாது, ஊதக் கூடாது. ஓர் அங்குல நீளத்தில் மொட்டோடு ஒரு பட்டைத் துண்டை எடுத்து உள்ளே செருகி, கீழிருந்து மேலாக நாடா சுற்றினார். கீழிருந்து சுற்றினால்தான் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது, ஓடு வேய்ந்த மாதிரி. கொம்புக்கு இரண்டு வீதம் 8 மொட்டு. கடைசி இரண்டை என்னைக் கட்டச் சொன்னார். கை நடுங்கியது. "ரப்பர்ல நான் முதல் நாள் கட்டின 50-ம் செத்துப்போச்சு, கெட்டு" என்றார்.

குடம்புளி ஒட்டு ஆறும் கருகிவிட்டது. இரண்டு மே மாதத்தில் துளிர்க்கக் கூடச் செய்தது. பிறகு ஒட்டின இடத்திலிருந்தே காய்ந்தது. மங்குஸ்தான் மேல் மங்குஸ்தான் ஒட்டியதில் ஒன்று உயிரோடிருக்கிறது. கோடையில் விதைக் கன்று ஒன்றும் போனது. இப்போது 14.

2025 ஜூலை 16, புதன்

நாடா பிரித்தோம். நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். 8-இல் 5 பச்சை. நான் கட்டியதில் ஒன்று கருப்பு, ஒன்று பச்சை. அண்ணன் அந்தப் பச்சையை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். மொட்டுக்கு மேலே தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினார். எல்லாம் நன்றாக நடந்தால் மூன்று வருடத்தில் காய் பார்க்கலாம்.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி வந்தான். வில்லுக்குறி பக்கம் புது வீட்டில் குழி எடுத்துவிட்டானாம், மூன்றடி, சாணியும் மணலும் போட்டு. கன்று வாங்கிப் போக வந்திருக்கிறான்.

நிழல்வலைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தான். ஒரு வருடத்தில் ஒரு சாண் உயரம் கூட இல்லை. நாலு ஜோடி இலை, சிலவற்றில் ஐந்தாவது ஜோடி சிவப்பாக, பிரியாமல் கைகூப்பின மாதிரி. சாயா ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல அம்மை மரம் எது?"

பதினாலையும் காட்டினேன்.

குழிக்கு மேலே நிழல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வெட்ட வெளி. முதல் சில வருடம் பாதி வெயில்தான் தாங்கும். அதனால் இன்றைக்குக் கன்று கொடுக்கவில்லை. மட்டி வாழைக்கன்று மூன்று தோண்டிக் கொடுத்தேன், குழிக்கு மேற்கே நடச் சொல்லி. அது ஆள் உயரம் வந்ததும் போன் பண்ணு, நானே கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். 7-ஆம் எண் பையில் அவன் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.